சந்தானம் பூட்டிவைத்த பேட்டரி

சந்தானத்தோடு காலை நடைக்குப் போவதென்றால் பொறுமை வேண்டும். மிஷின் ரூமைப் பூட்டிவிட்டு நாலு வீடு தாண்டியிருப்போம், நின்றுவிடுவான். "மாப்ள, பூட்ட இழுத்துப் பாத்தனா?" என்பான். பார்த்தாய் என்றால், "நீ பாத்தியா, இல்ல சும்மா சொல்றியா?" என்பான். பிறகு திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவான். இத்தனை வருஷத்தில் அந்தப் பூட்டு ஒருநாள்கூடத் திறந்து கிடந்ததில்லை. அதைச் சொன்னால், இழுத்துப் பார்ப்பதால்தான் திறக்கவில்லை என்பான்.

என் பெயர் அசோக்குமார். வில்லாபுரத்தில் நூல், லேஸ், பட்டன் விற்கிறேன். சந்தானம் எனக்கு அடுத்த தெரு. வீட்டின் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் போட்டு ஜாக்கெட்டுகளுக்குப் பூவும் மயிலும் அடித்துக் கொடுப்பது அவன் தொழில். நூல் என்னிடம்தான் எடுக்கிறான். ஒவ்வொரு கண்டையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவான். எனக்குக் கோபம் வந்த காலமெல்லாம் உண்டு. இப்போது பழகிவிட்டது. கல்யாண வீட்டில் கொடுக்கும் தாம்பூலப் பையையே அங்கேயே திறந்து தேங்காயை ஆட்டிப் பார்க்கிறவன் என் நூலை மட்டும் நம்புவானா?

வாலிபத்தில் சந்தானம் செய்த சுங்குடிச் சேலை வியாபாரத்தில் கூட்டாளி ஒருவன் சரக்கோடு காணாமல் போய்விட்டான். ஊரில் நடக்காத விஷயமில்லை. மற்றவர்கள் நாலு நாள் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவன் அன்றைக்குப் பிடித்த சந்தேகத்தை இன்றுவரை விடவில்லை. சந்தானத்தின் மனைவி சுந்தரவல்லி என்னிடம் ஒருமுறை, "தூங்கறப்பகூட ஒரு கண்ணத் தொறந்துதான் வச்சிருக்காரு" என்றாள். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். அவன் யாரையாவது சந்தேகப்படும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுவானாம், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சந்தேகத்தில் அவன் ஆள் பார்த்ததில்லை. சொந்தக்காரன், வேற்று ஆள், படித்தவன், படிக்காதவன், எல்லோரும் அவனுக்கு ஒன்று. மாடி வீட்டுக்கு முத்துமீனாவும் பால்பாண்டியும் வாடகைக்குக் கேட்டு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். திருவாதவூர்ப் பக்கத்து ஆட்கள். பால்பாண்டி கேபிள் டிவிக்கு லைன் இழுக்கிறவன். அவர்களுக்கு ஒரே பெண், சரண்யாதேவி. சந்தானம் கேட்டதெல்லாம் குழாயைச் சரியாக மூடுவீர்களா, கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பீர்களா என்பதுதான். அப்புறம் முத்துமீனாவுக்குத் தையல் தெரியும் என்றதும் மிஷினில் உட்கார வைத்தான். கொஞ்ச நாளிலேயே அவள் கை பட்டால்தான் ஊசி நூல் அறுக்காமல் ஓடும் என்று ஆகிவிட்டது. அவளும் அண்ணே அண்ணே என்று வீட்டு மனுஷியாகத்தான் இருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கரண்ட் பில் ஏற ஆரம்பித்தது. மிஷின் ரூமுக்குத் தொழில் கனெக்‌ஷன். சாயங்காலம் ஊரே லைட்டும் ஃபேனும் போடுகிற நேரம் என்பதால், ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மிஷின் ஓட்டினால் கரண்டுக்கு விலை கூட. அவன் மிஷினோ அந்த நேரத்தில்தான் ஓடியாக வேண்டும். டெய்லர் கடைக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல்தான் துணி அனுப்புவார்கள். மறுநாள் கடை திறக்கும்போது கையில் வேண்டும் என்பார்கள். முகூர்த்த மாதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சந்தானத்தின் அக்காள் மகன் பீமாராவ் வீடுகளுக்கு பேட்டரி மாட்டிக் கொடுக்கிற வேலையில் இருந்தான். அவன்தான் யோசனை சொன்னான்.

"பகல்ல கரண்ட் விலை கம்மியா இருக்கும்போது இது வாங்கி வச்சுக்கும் மாமா. சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா லைன விட்டுட்டு, இதுல இருந்து மிஷின் ஓடும். பத்து மணிக்கு மேல திரும்ப லைனுக்குப் போயிரும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"கரண்ட் ஆபீஸ்ல சும்மா விடுவாங்களா?"

"இதுல தப்பே கிடையாது மாமா."

"தப்பில்லைன்னா ஏன் எல்லாரும் வாங்கி மாட்டல?"

பீமாராவ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டு மாதம் இப்படியே கேள்வி கேட்டுக் கேட்டு, கடைசியில் அடுத்த பில்லைப் பார்த்தபின் சந்தானம் சரி என்றான்.

பேட்டரி வந்தது. சுவரோடு நிற்கும் வெள்ளைப் பெட்டி, சின்ன பீரோ உயரம். முன்பக்கம் ஒரு விளக்கு. நன்றாக இருந்தால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. லைனிலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து லைனுக்கும் மாறும்போது சுவரில் இருக்கும் ஸ்விட்ச் ஒன்று 'டக்'கென்று சத்தம் போடும். பீமாராவ் போகும்போது இரண்டு விஷயம் சொன்னான். சுற்றிலும் ஒரு சாண் இடம் காற்றாட இருக்க வேண்டும், எதையும் மூடிப் போடக் கூடாது. வைஃபையில் இணைத்திருப்பதை எடுக்கக் கூடாது, ஏதாவது கோளாறு என்றால் அவன் செல்போனுக்கே தகவல் வந்துவிடும்.

அவன் பைக் தெரு முனை தாண்டவில்லை, சந்தானம் வைஃபை வயரைப் பிடுங்கிவிட்டான். "என் வீட்ல எப்ப மிஷின் ஓடுது, எப்ப நிக்கிதுன்னு அவனுக்கு எதுக்குடா தெரியணும்? ஆள் இல்லாத நேரம் பாத்து யாருக்காச்சும் சொல்லிட்டான்னா?"

"உன் அக்கா மகன்டா."

"கூட்டாளிகூட எனக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்" என்றான். அது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வாரமே சமயநல்லூரில் கிரில் வேலை செய்கிறவனிடம் சொல்லி, தகரத்தில் ஒரு பெட்டி அடித்துக்கொண்டு வந்து பேட்டரியின் மேல் கவிழ்த்துச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கினான். கதவு வைத்து, கதவுக்குப் பூட்டு. சாவி இடுப்பில் அரைஞாண் கயிற்றில். காற்றாட இடம் விடச் சொன்னானே என்று கேட்டேன். "அப்படித்தான் சொல்லுவான். தொறந்து கெடந்தாத்தானே நாளைக்கு உள்ள இருக்கறத மாத்த முடியும்?" என்றான். சுந்தரவல்லி பங்குக்கு, பேட்டரியின் மேல் தூசி படாமல் இருக்க ஒரு உறை தைத்துப் போட்டாள். எங்கள் பக்கம் வீட்டுக்குள் வந்த எந்தச் சாமானையும் அம்மணமாக விடுவதில்லை. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குக்கூட உறை. அந்த உறையில் மயில் ஜோடியை மிஷினில் அடித்துக் கொடுத்தது முத்துமீனாதான்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. நாலு மாதமும் பேட்டரி சொன்ன பேச்சைக் கேட்டது. ஆறு மணிக்கு டக், பத்து மணிக்கு டக். பில்லும் இறங்கியது. சந்தானம் சிரித்து நான் பார்த்தது அந்தத் தை மாதம்தான். சந்தேகமில்லாமல் பொங்கல் சாப்பிட்டான்.

மாசி பிறந்ததும் மதுரை வெயில் தன் வேலையைக் காட்டியது. மிஷின் ரூம் ஜன்னலுக்கு இரும்புத் தகடு, கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே நுழைந்தால் மூச்சு முட்டும். ஒருநாள் முத்துமீனா அவனிடம், "அண்ணே, எட்டு மணிக்கே டக்குனு சத்தம் கேட்டுச்சு. பத்து மணிக்குத்தான கேக்கணும்?" என்றாள். மறுநாள் ஏழரைக்கே கேட்டது. அதற்கப்புறம் மிஷின் லைன் கரண்டில்தான் ஓடியது, விலை கூடுதலான நேரத்தில்.

முதலில் பீமாராவ் மேல் சந்தேகம். பழைய பேட்டரிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டான் என்றான். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து உறையைத் தூக்கிப் பார்ப்பான். விளக்கு பச்சையாகத்தான் எரியும். சாயங்காலம் ஆள் இருக்கும்போது பெட்டியைத் திறக்க மாட்டான், சாவி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடுமாம். காலையில் பச்சையாக இருக்கும் பேட்டரி சாயங்காலம் காலியாகிறது என்றால், நடுவில் யாரோ எடுக்கிறார்கள். அவன் கணக்கு அப்படி ஓடியது. பத்து மணிக்கு வர வேண்டிய சத்தம் எட்டு மணிக்கு வந்ததை முத்துமீனா தானாக வந்து சொன்னாளே, அதையும் எடுத்துக்கொண்டான்.

"குத்தமுள்ளவதான் மாப்ள முந்திக்கிட்டு வந்து சொல்லுவா."

"சொல்லாட்டியும் சந்தேகப்பட்டிருப்ப."

"பின்ன?" என்றான், நான்தான் புரியாமல் பேசுவது போல.

மாசி பாதியில் ஒரு சாயங்காலம் தெருவே இருட்டாகிவிட்டது. நான் நூல் கொடுக்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கரண்ட் போனால் பேட்டரி மிஷினைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை. பாதி மயிலோடு ஊசி நின்றது. முத்துமீனா செல்போன் வெளிச்சத்தில் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சந்தானம் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தான், பிறகு தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். மாடி ஜன்னலில் வெள்ளை வெளிச்சம். அதன் கீழே சரண்யாதேவியின் தலை, புத்தகத்தின் மேல் குனிந்து. அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை அடுத்த வாரம்.

"பாத்தியா?" என்று என் கையைப் பிடித்தான். "பால்பாண்டிக்கு வயரு இழுக்கச் சொல்லியா தரணும்? தொழிலே அதான்."

நான் அடக்கிப் பார்த்தேன். மேலே போய்ப் பார்த்துவிட்டுப் பேசு என்றேன். போனால் வயரைப் பிடுங்கிவிடுவார்கள் என்றான். உள்ளே போய் முத்துமீனாவிடம் நேராகக் கேட்டுவிட்டான், "என் பேட்டரில இருந்து லைன் இழுத்திருக்கீங்களா?" என்று.

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் செத்துவிட்டது.

"அது சார்ஜ் பல்புண்ணே. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறிக்கிரும், போனா தானா எரியும். புள்ள படிக்கன்னு அவுக வெளக்குத்தூண் கடைல வாங்கியாந்தாக."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் மாடிக்கு ஓடினாள். ஜன்னல் இருட்டானது. அடுத்த நிமிஷம் அந்த பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த மாதிரி பல்பின் அடிப்பாகத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் எரியும். படியில் இறங்கும்போதே அவள் கையில் அது எரிந்தது. வயர் இல்லை, ஒன்றும் இல்லை. சுந்தரவல்லி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. சந்தானம் பல்பைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான்.

"கைக்குள்ள என்ன வச்சிருக்க?" என்றான்.

நான் அவனைத் திட்டினேன். இங்கே எழுத முடியாத வார்த்தை எல்லாம் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. மாசம் முடியறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிடுங்க, எனக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிட்டு மிஷின் ரூமைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான்.

முத்துமீனா பூட்டிய கதவின் முன்னால் நின்றாள். "பொட்டியத் தொறங்கண்ணே. வயரு இருந்தாக் காட்டுங்க. இருந்துச்சுன்னா இப்பவே போறோம். புள்ளைக்கிப் பரிச்சண்ணே, இந்த நேரத்துல எங்கிட்டுப் போவோம்?"

"பீமாராவ் வரட்டும். ஆள வச்சுத்தான் தொறப்பேன்" என்றான்.

பீமாராவ் சென்னையில் வேலையில் மாட்டிக்கொண்டு அந்த வாரம் வரவில்லை. முத்துமீனா மறுநாளும் வந்து மிஷினில் உட்கார்ந்தாள். எடுத்த துணியை முடித்துக் கொடுக்காமல் விடமாட்டாளாம். பால்பாண்டி கேபிள் வேலை முடிந்ததும் வீடு தேடி அலைந்தான். சரண்யாதேவி முதல் பரீட்சைக்கு எங்கள் கடை வழியாகத்தான் பஸ் ஏறப் போனாள். நல்லா எழுதும்மா என்றேன். சரி மாமா என்று சொன்னவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எனக்குச் சந்தானத்தின் மேல் வந்த ஆத்திரத்தில் அவனோடு நடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பீமாராவ் வந்த சாயங்காலம் சந்தானம் எனக்கும் ஆள் அனுப்பினான். சாட்சி வேண்டுமாம். போகக் கூடாது என்று நினைத்தேன், முத்துமீனாவுக்காகப் போனேன். ஏழு மணி இருக்கும். பால்பாண்டி, முத்துமீனா, சுந்தரவல்லி எல்லோரும் மிஷின் ரூமில் நின்றார்கள். அப்போதுதான் டக் சத்தம் கேட்டு அடங்கியிருந்தது. சந்தானம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தகரக் கதவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து வந்த சூடு நின்றுகொண்டிருந்த எங்கள் முகத்தில் அடித்தது, தோசைக்கல்லின் மேல் குனிந்தது மாதிரி. பீமாராவ் மயில் போட்ட உறையை இழுத்துக் கீழே போட்டான். அதற்கடியில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"யாரு மாமா இதுக்குப் பொட்டி அடிச்சது?"

சந்தானம் சாவியை இடுப்பில் செருகினான்.

"சூடு ஏறினா இது தன்னைத்தானே காப்பாத்திக்கும். கொடுக்கறத நிறுத்திரும். மிஷின் தானா லைனுக்குப் போயிரும். ராத்திரி குளுந்ததும் காலையில பச்சைக்கு வந்துரும். உள்ள கரண்ட் அப்படியே இருக்கு மாமா, யாரும் ஒரு பொட்டு எடுக்கல. வைஃபை இருந்திருந்தா முதல் நாளே எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சந்தானம் பேட்டரியின் பின்னால் குனிந்து பார்த்தான். பக்கத்தில் பார்த்தான். சுவரில் விரலால் தடவிப் பார்த்தான். வயர் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. அத்தனை பேர் முன்னிலையிலும் அவன் தேடினான். கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். சுந்தரவல்லி சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றான் பால்பாண்டியைப் பார்த்து. "நீங்க எங்கயும் போக வேணாம். நான் சொன்னது எல்லாம் தப்பு."

பால்பாண்டி சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றும் போடவில்லை.

"போகணும்னாலும் முடியாதுண்ணே. அவனியாபுரம் வரைக்கும் அலஞ்சுட்டேன். எந்தூருன்னு கேக்குறாக. திருவாதவூருன்னா, அங்க எந்தத் தெருன்னு கேக்குறாக. தெருவச் சொன்னா, வீடு இப்ப இல்லேங்குறாக. வாடகைக்குன்னு போர்டு தொங்கிக்கிட்டே இருக்கு." முத்துமீனாவைப் பார்த்தான். "இந்த ஒரு வீட்லதான் எங்கள யாருன்னே கேக்கல. அதச் சொல்லிச் சொல்லி இவ பெருமப்படுவா. அதான்ணே மனசு விட்டுப் போச்சு."

முத்துமீனா கீழே கிடந்த உறையை எடுத்து மடித்து சுந்தரவல்லி கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுநாளே தகரப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போனது. சந்தானமே போல்ட்டைக் கழற்றினான். ஜன்னல் தகட்டையும் எடுத்தான். பேட்டரி இப்போது வெறும் உடம்போடு நிற்கிறது. பத்து மணிக்குத்தான் டக் கேட்கிறது. சரண்யாதேவி பரீட்சை எழுதி முடித்தாள். முத்துமீனாவும் வேலைக்கு வருகிறாள். பூவும் மயிலும் முன்பு போலவே விழுகின்றன. யாராவது வந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், சந்தானம் ஒருநாள் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழும்வரை. "மாப்ள, நீ கொஞ்சம் சொல்லேன் முத்துமீனாகிட்ட. தெனமும் என்னால தாங்க முடியல" என்றான். என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீயே வந்து பார் என்றான்.

சாயங்காலம் போனேன். முத்துமீனா வேலையை முடித்து மிஷினைத் துடைத்தாள். மாடிக்குப் போகக் கட்டைப்பையை எடுத்தாள். நேராகப் படியேறவில்லை. சந்தானம் உட்கார்ந்திருந்த மேஜைக்கு வந்து பையை வைத்து, அதன் வாயை அகல விரித்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினாள். சேலை முந்தானையை உதறினாள். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள்.

"பாத்துக்கங்க சார்" என்றாள்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏம்மா இப்படிப் பண்ணுற, அவன்தான் தப்பு ஒத்துக்கிட்டானே என்றேன்.

"சார் நிம்மதியா இருக்கட்டும்ணே. நாளைக்கி ஒண்ணு கொறஞ்சா எங்க மேலதான நெனப்புப் போகும்? எம்புள்ள காலேசு போகப் போகுது, அதுக்கு ஒரு பேரு வந்துரக் கூடாது" என்றாள் என்னிடம்.

சந்தானம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போம்மா, போ, எனக்குப் பாக்க வேணாம்" என்றான். அவள் கையை மடக்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே நின்றாள்.